நின்ற நேரம்

கரின் லிண்ட்குவிஸ்ட்டுக்கு நிற்பதென்றால் ஆகவே ஆகாது. பல் டாக்டரிடம் போனால்கூட நாற்காலியில் உட்காராமல் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருப்பாள். அமெரிக்காவில் பெரிய ஏரி ஒன்றின் கரையிலிருக்கும் டுலூத் ஊரின் பள்ளிக்கூட பஸ்கள் எந்தத் தெருமுனையில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்று இருபத்தாறு வருடமாக ஒலிவாங்கியில் சொல்லிக்கொண்டிருக்கிறவள். ஒரு பஸ் மூன்று நிமிடம் தாமதமானால் அவளுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. ஐம்பத்தெட்டு வயதாகியும் அந்தப் புத்தி மாறவில்லை.

அப்படிப்பட்டவள் ஓட்டக்காரியானதில் ஆச்சரியமில்லை. ஓட்டக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சிவப்பு விளக்குக்கு நின்றாலும் சரி, ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தாலும் சரி, முதலில் கை மணிக்கட்டுக்குப் போகும். கடிகாரத்தை நிறுத்திவிடுவார்கள். ஓடின நேரம்தான் நேரம். நின்ற நேரம் கழிவு. உலகத்து ஓட்டக்காரர்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான் இது, இதில் யாருக்கும் வெட்கம் கிடையாது.

கரினின் தோழி பெர்னி சவேலாவுக்குக் கடிகாரமே கிடையாது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், ஜூன் மாதத்திலும் சிவப்புக் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு ஓடுகிறவள். இரண்டு பேருக்கும் வீடு ஏரிக்குள் நீண்டு கிடக்கும் மணல்திட்டில், ஒன்றுக்கொன்று நாலு வீடு தள்ளி. பதினோரு வருடமாகச் சனிக்கிழமை காலை ஆறு மணிக்குச் சேர்ந்து கிளம்புவார்கள். மணல்திட்டைக் கடந்து, பாலத்தைக் கடந்து, ஊருக்குள் பேக்கரி வரைக்கும் போய்த் திரும்பினால் ஏழு மைல்.

ஆனால் அரை மைல் போவதற்குள் பெர்னி நின்றுவிடுவாள்.

"ஷூல கல்லு புகுந்துடுச்சுடி. நீ போ, நான் வந்துடறேன்."

கரின் போய்விடுவாள். பாலத்தடியில் கடிகாரத்தை நிறுத்திவிட்டு, நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டு, வாய்க்குள் திட்டிக்கொண்டிருப்பாள். பதினோரு வருடம், ஒவ்வொரு சனிக்கிழமையும், அதே ஷூவில் அதே கல். பொறுக்க முடியாமல் ஒரு பிறந்தநாளுக்குக் கல் புகாமல் கணுக்காலைச் சுற்றிக் கட்டும் துணி உறை ஒன்றை வாங்கிக் கொடுத்தாள். பெர்னி ரொம்பச் சந்தோஷப்பட்டு அதை மாட்டிக்கொண்டாள். அடுத்த வாரமும் கல் புகுந்தது.

பேக்கரி வந்ததும் பெர்னி உள்ளே போய்விடுவாள். அந்த நேரத்தை வீணாக்குவானேன் என்று கரின் ஏரிக்கரையோடு இன்னும் இரண்டு மைல் ஓடிவிட்டு வருவாள். திரும்பி வரும்போது பெர்னி ரொட்டிப் பையோடு வாசலில் நிற்பாள். மறுபடி சேர்ந்து ஓட்டம். அப்புறம் பாலம்.

அந்தப் பாலத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கப்பல் வந்தால் பாலத்தின் நடுப்பகுதி முழுசாக மேலே ஏறிவிடும். மணி அடிக்கும், கேட் இறங்கும், வண்டிகளெல்லாம் அப்படியே நிற்கும். கால்மணி நேரமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். வேலைக்குத் தாமதமாகப் போகிறவர்கள் "பாலம் பிடிச்சுக்கிச்சு" என்று சொன்னால் அந்த ஊரில் எந்த மேலாளரும் மறுபேச்சுப் பேச மாட்டார். கரினைப் பாலம் பிடித்ததே இல்லை. முதல் மணி காதில் விழுந்ததும் கேட் இறங்குவதற்குள் தலைதெறிக்க ஓடி அக்கரை போய்விடுவாள்.

"ஓடுடி, ஓடு! கப்பல் உன்னத் தொரத்திக்கிட்டு வருது!" என்று பின்னாலிருந்து பெர்னியின் சிரிப்பு கேட்கும். அவள் இந்தப் பக்கமே நின்றுவிடுவாள். கரின் வீட்டுக்குப் போய்க் குளித்து, முட்டை பொரித்துச் சாப்பிட்டும் விடுவாள்.

போன மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, துண்டுகளை மடித்துக்கொண்டிருந்த பெர்னி தலையைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். பாதி மடித்த துண்டு கையிலேயே இருந்ததாம்.

கரின் அடக்கத்துக்குப் போனாள், அந்த ஊர் வழக்கப்படி துக்க வீட்டுக்குக் கேக் செய்துகொண்டு போனாள், அடுத்த சனிக்கிழமை ஆறு மணிக்குத் தனியாக ஓடினாள். அன்றைக்குக் காத்து நிற்க ஆளில்லாமல் ஓட்டம் வேகமாக முடிந்தது. வீட்டுக்கு வந்து கடிகாரத்தைப் பார்த்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

மே மாதம் பாதியில் பெர்னியின் புருஷன் ஆர்விட் வந்து கதவைத் தட்டினார். எழுபது வயது, இரண்டு முழங்காலிலும் அறுவை செய்துகொண்டவர், நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் அதிகம். சமையலறை மேசையில் உட்கார்ந்து தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"ஜூன் மொத சனிக்கிழமை உங்க ஓட்டக் கிளப்புக்காரங்க அவ ஞாபகமா ஓடப் போறாங்களாம். கிளப்புல இருக்கற அந்த டேல் ஃபோன் பண்ணான்."

"ஆமா ஆர்விட். உங்ககிட்ட நானே சொல்லணும்னு இருந்தேன்."

"அவ ஓடற வழியில ஓடணும்னு கேட்டேன். அதுக்கு நீதான் வழி காட்டணும்னு சொன்னான்."

"அதுக்கென்ன, காட்டறேன்."

ஆர்விட் தொப்பியை மேசையில் வைத்தார். "கரின், அது எத்தனை மைல்?"

"ஏழு."

"அவ வேகத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒண்ணேகால் மணி. ஏன்?"

"ஆறு மணிக்குக் கிளம்புவா. முக்காவாசி நாள் எட்டேகாலுக்குத்தான் வருவா. நான் காபி போட்டு வெச்சுட்டு ஜன்னல்கிட்டயே உக்காந்திருப்பேன், அதனால நல்லாத் தெரியும். மீதி ஒரு மணி நேரம் எங்க போச்சு?"

கரின் விழித்தாள். ஆர்விட் அவசரமாகக் கையை ஆட்டினார். "ஐயோ, தப்பா ஒண்ணும் கேக்கல. எங்க அவ நின்னாளோ அங்க நானும் போய் நிக்கணும். ஓடத்தான் முடியாது, நிக்க முடியும்ல? இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட நான் கேட்டதில்ல பாரு. வந்தா, காபி குடுத்தேன். அவ்வளவுதான்."

"ஷூல கல்லு புகுந்துடும்," என்றாள் கரின். "அப்புறம் ரொட்டி வாங்குவா. அப்புறம் பாலம்."

"ஒரு கல்ல எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

கரின் தன் மணிக்கட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சரி, யோசிச்சு சொல்லு," என்று ஆர்விட் எழுந்தார். "உனக்குத்தான் தெரியும். உன்னோடதான ஓடினா."

அவர் போன பிறகு கரின் கடிகாரத்தின் பழைய பதிவுகளைக் கணினியில் திறந்தாள். பதினோரு வருடத்துச் சனிக்கிழமைகள் அத்தனையும் இருந்தன. எந்த மைலை எத்தனை நிமிடத்தில் ஓடினாள், எந்த மேட்டில் இதயம் எப்படி அடித்தது என்று எல்லாம் இருந்தது. பெர்னி மட்டும் இல்லை. பெர்னிக்காகக் காத்து நின்ற ஒவ்வொரு நிமிடத்தையும் கரின் தன் விரலாலேயே அழுத்தி அழுத்தி நிறுத்தியிருந்தாள். வாழ்நாளில் இவ்வளவு வெட்கம் அவளுக்கு வந்ததில்லை. உயிர்த்தோழி எங்கே நின்றாள், எதற்கு நின்றாள் என்று தெரியாது, அந்தப் புருஷனோ உனக்குத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போகிறார். தெரியாது என்று அவரிடம் சொல்வதைவிட ஏரியில் குதிக்கலாம் என்றிருந்தது.

மறுநாள் காலை ஓட்டச் சட்டை போடாமல், கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, நடந்து கிளம்பினாள். கல் புகும் இடத்தில் போய் நின்றாள். அங்கே ஒரு பச்சை வீடு. வாசலில், ஊன்றி நடக்க உதவும் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவர், தெரு ஓரத்தில் கிடந்த செய்தித்தாளை முறைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கும் தாளுக்கும் நடுவில் முப்பது அடிச் சரிவு. கரின் தாளை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தாள்.

"நீதான் கரினா?" என்றார் கிழவர். அவர் பெயர் வெண்டல், ஒரு காலத்தில் படகு பழுது பார்த்தவர்.

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க வீட்டத் தாண்டி நீ பறக்கறத எத்தனை வருஷமாப் பாக்கறேன். பெர்னி இருந்தவரைக்கும், பேப்பர எடுத்துக் குடுத்துட்டு, வானிலை எழுதியிருக்கறத மட்டும் சத்தமாப் படிப்பா. எனக்குக் கண்ணு சரியில்ல. அப்புறம் சிரிக்கறதுக்காக அவ ஒரு பொய் சொல்லுவா, நான் ஒரு பொய் சொல்லுவேன். பத்து நிமிஷம், கால் மணி. அப்புறம் ஓடிடுவா."

"எங்கிட்ட ஷூல கல்லுன்னு சொல்லுவா."

வெண்டலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இருமல் வந்து, நடைச்சட்டத்தைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "கல்லா! கால்ல துணி ஒண்ணு கட்டிக்கிட்டு வந்தா ஒரு நாள். 'வெண்டல், இனிமே நான் என்ன பொய் சொல்லுவேன்'னு கேட்டா. அதையே சொல்லும்மா, ஓடறவங்களுக்கு நின்னு யோசிக்க நேரமில்லன்னு சொன்னேன்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல? நானும் நின்னிருப்பேனே."

கிழவர் கரினை ஏற இறங்கப் பார்த்தார். "நின்னிருப்பியா?"

கரின் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவ சொன்னது இதான்," என்றார் வெண்டல் கொஞ்சம் கனிவாக. "'கரினுக்கு ஓடறதுதான் சந்தோஷம், அதுல நான் போய் மண்ணள்ளிப் போடக் கூடாது'ன்னு. கோவமெல்லாம் இல்ல. சரி, அந்த வானிலையப் படி."

கரின் படித்தாள். காற்று வடகிழக்கு, மதியத்துக்கு மேல் மழை. பிறகு பொய் சொல்ல வராமல் தடுமாறி, தன் பஸ்களில் ஒன்றுகூடத் தாமதமாவதில்லை என்றாள். நல்ல பொய் என்று வெண்டல் பாராட்டினார்.

பேக்கரியில் ரூதான் என்கிற கடைக்காரி சொன்னது இன்னும் விசித்திரம். "பெர்னியா? வரிசையில எப்பவும் அவதான் கடைசி. யாராவது அவசரமா வந்தா 'நீங்க போங்க, நீங்க போங்க'ன்னு விட்டுக்கிட்டே இருப்பா. அடுத்த தட்டு அடுப்புல இருந்து வர்ற வரைக்கும் நிப்பா. இருபது நிமிஷமாவது ஆகும். ஏலக்காய் போட்ட பின்னல் ரொட்டி ஒண்ணு. சூட்டோட துண்டு போட்டுத் தரச் சொல்லுவா. சூடா இருக்கறப்போ வெட்டினா பிஞ்சு போகும்னு நான் கத்துவேன், கேக்க மாட்டா."

"எதுக்குத் துண்டு போடச் சொல்லுவா?"

"யாருக்குத் தெரியும்? நான் கேக்கல," என்றாள் ரூதான். கேட்காதவள் தான் மட்டும் இல்லை என்பதில் கரினுக்கு அல்பமாக ஓர் ஆறுதல்.

அன்று சாயங்காலமே ஆர்விட்டிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். கல்லைப் பற்றிச் சொன்னபோது ஆர்விட் முதல் தடவையாகச் சிரித்தார். ரொட்டியைப் பற்றிச் சொன்னபோது, "வீட்டுக்குப் பாதிதான் வரும். வழியில தின்னுடறான்னு நெனச்சேன், ஒண்ணும் சொல்லல," என்றார்.

"வெண்டல் வீட்டுல கால் மணி, பேக்கரியில இருபது நிமிஷம். மீதி பாலம்தான். அங்க ஒண்ணுமில்ல ஆர்விட், பாலம் எறங்கற வரைக்கும் சும்மா நின்னிருப்பா."

"சும்மாவா?" என்றார் ஆர்விட். பெர்னி சும்மா நின்று அவர் பார்த்ததே இல்லை.

ஜூன் முதல் சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பன்னிரண்டு பேர் கூடினார்கள். எல்லார் தலையிலும் சிவப்புக் கம்பளித் தொப்பி. டேல் யோசனை அது. ஆர்விட் தன் பிக்கப் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு முன்னால் போனார். கரின் கடிகாரத்தை ஓடவிட்டு, "இன்னிக்கு இத யாரும் நிறுத்தக் கூடாது," என்றாள். கிளப்புக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அரை மைலில் எல்லாரும் நின்றார்கள். வெண்டலின் செய்தித்தாளை ஆர்விட்டே எடுத்துக் கொடுத்து, படியில் உட்கார்ந்து வானிலை படித்தார். பன்னிரண்டு ஓட்டக்காரர்கள் புல்வெளியில் வியர்வை உலர நின்றார்கள்.

"கரின், இது ஓட்டமா ஊர்வலமா?" என்று டேல் முணுமுணுத்தான். "என் சராசரி நாசமாப் போகுது."

"போகட்டும்டா. உன் சராசரிய யாரு கேட்டா?" என்றாள் கரின். இதைச் சொன்னது தான்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

பேக்கரியில் ஆர்விட் வரிசையில் நின்றார். யார் வந்தாலும் "நீங்க போங்க" என்றார். அவருடைய முழங்கால் வலித்தது, முகத்தில் தெரிந்தது, ஆனாலும் நகரவில்லை. கரின் ஏரிக்கரைப் பக்கம் போகவில்லை, அவர் பக்கத்திலேயே நின்றாள். ஏலக்காய் மணம் கடை முழுக்க ஏறியிருந்தது. பதினோரு வருடத்தில் அந்தக் கடைக்குள் அவள் நிற்பது இது இரண்டாவது தடவை. கடைசியில் சூடாக ஒரு ரொட்டி வந்தது. ரூதான் கேட்காமலே துண்டு போட்டாள், பிய்ந்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பும்போது ஆர்விட்டின் வண்டி பின்னால் வந்தது. பாலத்துக்கு நூறு அடி இருக்கையில் மணி அடித்தது.

கரினின் கால் தானாக எகிறியது. நாலு எட்டு வைத்தும் விட்டாள். போனால் போய்விடலாம், நேரம் இருந்தது. அக்கரையில் நின்றுகொண்டு ஆர்விட்டுக்குக் கையும் காட்டலாம். பெர்னிக்கு அப்படித்தான் காட்டுவாள், சில நாள் திரும்பிப் பார்க்க ஞாபகம் இருந்தால். ஆனால் கரின் கையை நீட்டிச் சாலையோரக் கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றாள். கேட் இறங்கியது. பின்னால் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் வரிசை கட்டி நின்றன, நடுவில் ஆர்விட்டின் பிக்கப்.

கிளப்புக்காரர்களின் விரல்கள் பழக்கத்தில் மணிக்கட்டுக்குப் போயின. கரின் திரும்பி ஒரு முறை முறைத்தாள். விரல்கள் இறங்கின.

இரும்புத்தாது ஏற்றப்போகும் கப்பல் ஒன்று கால்வாய்க்குள் நுழைந்தது. ஒரு நீள ஊதலும் இரண்டு சின்ன ஊதலும் கொடுத்தது. பாலம் அதே மாதிரி பதில் சொன்னது. நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. கரின் அந்தச் சத்தத்தை எப்போதும் வீட்டுக் குளியலறையிலிருந்துதான் கேட்டிருக்கிறாள்.

வரிசையில் நின்ற குழாய் பழுதுபார்க்கும் ஒருவரின் வேனிலிருந்து ஜன்னல் கண்ணாடி இறங்கியது. உள்ளேயிருந்த தாடிக்காரர் தலையை நீட்டினார்.

"என்னங்க, எல்லாரும் சிவப்புத் தொப்பியோட வந்திருக்கீங்க, எங்க ரொட்டிக்காரம்மாவக் காணோம்?"

கரின் அருகே போனாள். "எந்த ரொட்டிக்காரம்மா?"

"அட, சனிக்கிழமை சனிக்கிழமை பாலம் பிடிச்சா ஒவ்வொரு வண்டியா வந்து ஜன்னலத் தட்டி ரொட்டி குடுக்குமே. 'கப்பலப் பாரு, வாட்ச்சப் பாக்காத'ன்னு அதட்டும். இந்த வருஷம் கப்பல் ஆரம்பிச்சதுல இருந்து ஆளக் காணோம். உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"போயிட்டாங்க," என்றாள். "மார்ச்சுல."

தாடிக்காரர் எஞ்சினை அணைத்தார். "பேருகூடக் கேக்கலியே," என்றார்.

"பெர்னி."

"பெர்னி," என்று அவர் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஆர்விட்டின் வண்டிக் கதவு திறந்தே இருந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தார். கரின் ஓடிப் போய் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைப்பதற்குள், மெதுவாக இறங்கி, இருக்கையிலிருந்த ரொட்டிப் பையை எடுத்தார். விந்தி விந்தி வேனுக்கு வந்தார். ஒரு துண்டு எடுத்து நீட்டினார்.

"சூடா இருக்கு. சாப்பிடுங்க."

"நீங்க?"

"அவ புருஷன்."

தாடிக்காரர் ரொட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஆர்விட் அடுத்த காருக்குப் போனார். அதில் மூன்று குழந்தைகளோடு ஒரு பெண். அதற்கடுத்த காரில் ஒருவன், தனக்கு வேண்டாம் என்று தலையாட்டினான். ஆர்விட் நீட்டிய கையை மடக்கவில்லை, அவன் வாங்கிக்கொண்டான். நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷன் ஜன்னல் ஜன்னலாகத் தட்டி, "கப்பலப் பாருங்க, பெரிசு," என்று சொல்லிக்கொண்டு போனார். கரின் பின்னாலேயே நடந்தாள். டேல் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டான், வியர்வை என்று சொன்னான்.

கப்பலின் பின்பக்கம் கடந்து போனது. பாலம் இறங்கத் தொடங்கியது. ஆர்விட் பிக்கப்பின் மேல் சாய்ந்து பையைத் திறந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன ஆர்விட்?"

அவர் பையை அவளிடம் சாய்த்துக் காட்டினார். "பாதி," என்றார். "சரியா இவ்வளவுதான் வரும் வீட்டுக்கு." எழுபது வயதுக்காரர் ஒரு ரொட்டிப் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடுச்சாலையில் அழுதார். கரின் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள், அவளும் அழுதாள்.

கேட் ஏறியது. முன்னால் நின்ற வண்டிகள் நகர்ந்தன. பின்னாலிருந்து ஏதோ ஒரு கார் ஹாரன் அடித்தது.

"போலாமா கரின்? வழி விடணும்," என்றார் ஆர்விட் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"மெதுவா ஏறுங்க," என்றாள் கரின். ஹாரன் அடித்த காரைப் பார்த்துத் திரும்பி, கொஞ்சம் இருங்கள் என்று கையைக் காட்டினாள். ஆர்விட் ஒரு காலை உள்ளே வைத்து, இன்னொரு காலைக் கையால் தூக்கி வைத்து, பையை மடியில் வைத்துக்கொள்ளும்வரை அங்கேயே நின்றாள். அவள் கையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.